டீச்சர் வேலையை விட்டு மனநல ஆலோசனைக்குப் போகலாமா? மலையில் இருந்தபடியே பிழைக்க முடியுமா?

கோத்தகிரி டீச்சர்

வணக்கம். ரொம்ப நாளாகப் படிப்பதோடு சரி, இன்றைக்குத்தான் முதல் தடவை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 31. கோத்தகிரி பக்கத்தில் ஒரு ஹட்டி, அதாவது படுகர் ஊர். பி.எஸ்சி. கணிதம், பி.எட். முடித்து எட்டு வருஷமாக ஒரு தனியார் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். கைக்கு வருவது 14,500. வீட்டுக்காரர் ஃபேக்டரிக்கு இலை ஏற்றும் வண்டி ஓட்டுகிறார். ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது, இலைக்கு விலை கிடைக்கிற மாதம் பரவாயில்லை, மற்ற மாதங்களில் உரத்துக்கும் ஆள்கூலிக்கும் சரியாகப் போய்விடும். பையன் ஒன்றாம் வகுப்பு.

போன வருஷம் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எனக்கென்று நாலு வரி எழுதி வைத்திருந்தாள். வீட்டில் நடப்பது, தூக்கம் வராதது, இருக்கவே பிடிக்கவில்லை என்பது. எனக்குத் தெரிந்ததெல்லாம் 'தைரியமா இரு, பரீட்சை முடியட்டும்' என்று சொல்வதுதான். பயத்தில் பள்ளி நிர்வாகத்திடம் சொன்னேன். மேலே இருந்தவர்கள் அவள் அப்பாவை வரவழைத்து, அவளை நிற்க வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். அடுத்த வாரம் டிசி வாங்கிக்கொண்டு போய்விட்டாள். இப்போது நன்றாகத்தான் இருக்கிறாள், அவள் அத்தையிடம் விசாரித்துக்கொண்டு இருக்கிறேன். ஆனால் அந்த நாலு வரிக்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்பது இன்னும் தெரியவில்லை. அன்றிலிருந்துதான் இந்த யோசனை.

விசாரித்ததில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். தபாலில் எம்.எஸ்சி. சைக்காலஜி படி என்கிறாள் தோழி. கோவையில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுநிலை) சேர் என்கிறார் எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து ஆபீஸில் இருப்பவர். மூன்று மாத ஆன்லைன் சான்றிதழ், 18,000 ரூபாய், முடித்ததும் சொந்தமாக கிளினிக் வைக்கலாம் என்று ஒரு நிறுவனத்திலிருந்து தினமும் போன் வருகிறது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆனால்தான் மரியாதை என்று யூட்யூபில் சொல்கிறார்கள்.

எது நடைமுறைக்கு ஒத்து வரும்? அதைவிட முக்கியம், மலையிலேயே வேலை கிடைக்குமா? எங்கள் ஊரில் கவுன்சிலர் என்றால் வார்டு கவுன்சிலர், கவுன்சிலிங் என்றால் இன்ஜினியரிங் சீட்டு. நான் என்ன படிக்கப் போகிறேன் என்று மாமியாருக்குப் புரிய வைக்கவே இரண்டு நாள் ஆனது.

பந்தலூர்க்காரன்

டீச்சர், நான் சமூகப் பணியாளர், பதினாலு வருஷம் ஆகிறது. கூடலூர், பந்தலூர், சேரம்பாடி என்று இந்தப் பக்கமே சுற்றிக்கொண்டிருக்கிறேன். முதலில் அந்த மூன்று மாதச் சான்றிதழ் போனை எடுப்பதை நிறுத்துங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

தபால் வழி சைக்காலஜி இனிமேல் கிடையாது. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியலைத் தொலைதூர வழியிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி சொல்லிவிட்டது. 2021இல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்தின் கீழ் உளவியல் வருவதால் இந்த முடிவு. ஆகவே யாராவது 'புது அட்மிஷன் இருக்கு, பணம் கட்டுங்க' என்றால் சந்தேகப்படுங்கள். உங்கள் தோழி பழைய கதையைச் சொல்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது, நாலு வருஷத்துக்கு முன்னால் நானே பத்துப் பேருக்கு அதைத்தான் சொன்னேன்.

இப்போது வேலை எங்கே இருக்கிறது என்று பாருங்கள், படிப்பை அதிலிருந்து பின்னோக்கித் தேடுங்கள். மலையில் 'மனநல ஆலோசகர்' என்று போர்டு போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். ஆனால் ஆலோசனை தினமும் நடக்கிறது, வேறு பெயரில். அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில் எச்ஐவி பரிசோதனைக்கு வருகிறவரோடு உட்கார்ந்து பேசுகிறாரே, அவர் கவுன்சலர். குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஒரு கவுன்சலர். அடி வாங்கி வரும் பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையத்தில் ஒருவர். குடிபோதை மறுவாழ்வு மையங்களில் சிலர். மாவட்ட மனநலத் திட்டத்தில் மனநல மருத்துவரோடு உளவியலாளரும் சமூகப் பணியாளரும் உண்டு. ஆதிவாசி மக்களோடு வேலை செய்கிற தொண்டு நிறுவனங்கள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் பல வருஷமாக இருக்கின்றன. இவற்றில் பாதிக்கு மேல் ஒப்பந்த வேலை, தொகுப்பூதியம், வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும், சில சமயம் மூன்று மாதச் சம்பளம் சேர்ந்து வரும். மறைக்காமல் சொல்கிறேன், என் முதல் சம்பளம் 9,000. இன்றைக்கும் ஊட்டியில் ஹோட்டல் ரிசப்ஷனில் நிற்கிற பையன் என்னைவிட அதிகம் வாங்குகிறான்.

இந்த வேலைகளின் அறிவிப்பை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் 'சமூகப் பணி அல்லது உளவியலில் முதுநிலை' என்றுதான் இருக்கும். எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு எந்தப் பட்டமும் போதும், உங்கள் கணிதம் தடையில்லை. இரண்டாம் வருஷம் மருத்துவமும் மனநலமும் சிறப்புப் பாடமாக எடுங்கள். அதில் களப்பணி கட்டாயம், வாரத்தில் சில நாள் ஆஸ்பத்திரி வார்டிலோ மறுவாழ்வு மையத்திலோ நிற்க வேண்டும், எழுதிக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும், திட்டு வாங்க வேண்டும். அந்தத் திட்டுதான் படிப்பு. புத்தகத்தில் 'ஒத்துணர்வுடன் கேட்டல்' என்று ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதிவிடலாம். குடிக்கிற மகனால் கை உடைந்து வந்த அம்மா 'அவனை ஒண்ணும் செஞ்சிராதீங்க சாமி' என்று சொல்லும்போது என்ன செய்வது என்பதைப் பக்கத்தில் ஒருவர் இருந்து சொல்லித்தர வேண்டும்.

ஒரு உதாரணம். டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டம்) குடியிருப்பு ஒன்றில் ஒருவர் மாலை போடுவதற்காகக் குடியைத் திடீரென்று நிறுத்தினார். மூன்றாம் நாள் ராத்திரி கை நடுக்கம், சுவரில் பூச்சி ஓடுகிறது என்கிறார், மனைவியையே யார் என்று கேட்கிறார். வீட்டில் சாமி கோபம் என்று பூசாரியைக் கூப்பிட்டுவிட்டார்கள். அது குடி நிறுத்தத்தில் வருகிற ஆபத்தான கட்டம், வலிப்பு வரலாம், உயிரே போகலாம், உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். அன்றைக்கு நான் கவுன்சலிங் எதுவும் செய்யவில்லை, ஜீப் பிடித்தேன். எப்போது பேச வேண்டும், எப்போது ஜீப் பிடிக்க வேண்டும் என்பதை மூன்று மாத வீடியோ சொல்லித்தராது. பூசாரியோடு சண்டை போடக் கூடாது என்பதையும்தான். அவரே பிறகு இரண்டு பேரை என்னிடம் அனுப்பினார்.

இன்னொன்று, உங்களுக்குப் படுக மொழி தெரியும் என்பதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். தமிழில் 'நல்லா இருக்கேன்' என்று சொல்கிற பாட்டி படுக மொழியில் பேசினால் அழுதுவிடுவார். நான் இந்தப் பக்கம் மலையாளமும் கொஞ்சம் பணியர் பழங்குடியினரின் பேச்சும் கற்றுக்கொண்டுதான் ஆளானேன்.

மேட்டுப்பாளையம் பஸ்

அண்ணா சொன்ன சான்றிதழ் விஷயத்தில் நான் பட்டவள், அதனால் எழுதுகிறேன். 22,000 கட்டினேன். பன்னிரண்டு வீடியோ, ஒரு வாட்ஸப் குரூப், கடைசியில் பொன்னிற ஓரம் போட்ட பிடிஎஃப். அதில் என் பெயருக்கு முன்னால் 'சைக்கோதெரபிஸ்ட்' என்று அவர்களே போட்டுக் கொடுத்தார்கள். நேர்முகத் தேர்வுக்கு எடுத்துப் போன இடத்தில் கேள்வி கேட்ட அம்மா படித்துப் பார்த்துவிட்டு, 'இதை வீட்டிலேயே வெச்சிட்டு வாங்கம்மா' என்றார். கோபப்படக்கூட இல்லை, பாவப்பட்டார், அதுதான் வலித்தது.

பணம் திரும்பி வரவில்லை. டீச்சர், போன் செய்கிறவர் 'இன்னைக்கு மட்டும் தள்ளுபடி' என்று சொன்னால் கட் பண்ணிவிடுங்கள்.

காந்திபுரம் கிளினிக்

நான் கோவையில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், சொந்த ஊர் குன்னூர். பந்தலூர் நண்பர் சொன்னதில் முக்கால்வாசி ஒப்புக்கொள்கிறேன், ஆனால் உளவியலை இவ்வளவு சீக்கிரம் ஓரங்கட்ட வேண்டாம்.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுவோம். 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று எல்லாரும் போட்டுக்கொள்ள முடியாது, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலான ஆர்சிஐயில் பதிவு எண் வேண்டும். அதற்கு இதுவரை இருந்த வழி, உளவியலில் முதுநிலை, அதன் பிறகு ஆர்சிஐ அங்கீகரித்த இடத்தில் இரண்டு வருஷ முழுநேர எம்.ஃபில். பெங்களூரு நிம்ஹான்ஸ் மாதிரி இடங்களில் சீட்டு சொற்பம், போட்டி கடுமை. புதிய கல்விக் கொள்கையால் எம்.ஃபில். ஒழிந்தபோதும் கிளினிக்கல் சைக்காலஜிக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 சேர்க்கை வரை யுஜிசி விலக்கு கொடுத்தது. அதனால் இனி இந்த வழியில் போகிறவர்கள் ஐந்து வருஷத்துக்கு முன்னால் படித்த என்னைக் கேட்பதைவிட அந்த வருஷத்து ஆர்சிஐ அறிவிப்பைப் படிப்பது நல்லது.

2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் மனநல வல்லுநர் யார் என்ற வரையறைக்குள் மனநல மருத்துவர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், மனநலச் சமூகப் பணியாளர், மனநலச் செவிலியர் எல்லாரும் வருகிறார்கள், சாதாரண 'கவுன்சலர்' வருவதில்லை. எம்.எஸ்.டபிள்யூ. முடித்தாலும் அந்தச் சட்டம் சொல்கிற மனநலச் சமூகப் பணியாளர் ஆவதற்கு மேலே அதே மாதிரி இரண்டு வருஷ எம்.ஃபில். வேண்டும். இதை அண்ணன் சொல்லாமல் விட்டுவிட்டார். கூடலூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு தகவல், அந்த மாதிரிப் படிப்புக்கு எல்லாரும் சென்னையையும் பெங்களூரையும் பார்க்கிறார்கள், கோழிக்கோட்டில் இம்ஹான்ஸ் மனநல நிறுவனம் இருக்கிறது, நாடுகாணி மலைப்பாதை இறங்கினால் கேரளத்து வழிக்கடவு.

டீச்சர் விஷயத்துக்கு வருகிறேன். 31 வயதில், ஒரு சின்னப் பையனை வைத்துக்கொண்டு, நாலு வருஷம் முழுநேரமாகச் சம்பளம் இல்லாமல் படிக்க வீட்டு நிலைமை இடம் கொடுக்குமா? கொடுக்கும் என்றால் பாரதியார் பல்கலையின் உளவியல் துறையை விசாரியுங்கள். கொடுக்காது என்றால் கிளினிக்கல் கனவை இப்போதைக்கு மூட்டை கட்டுங்கள். யூட்யூபில் சொல்கிற மரியாதை எல்லாம் வாடகை கட்டாது. என் கிளினிக்கில் முதல் வருஷம் பாதி நாள் நாற்காலிதான் உட்கார்ந்திருந்தது.

இன்னொன்றும் யோசியுங்கள். சொந்த ஊரில் கிளினிக் என்பது மலையில் நடக்காத காரியம் என்று நினைக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் நீலகிரிக்காரர்கள் கணிசம். குன்னூரிலேயே ஆள் இருந்தாலும் இரண்டு பஸ் மாறி காந்திபுரம் வருவார்கள், ஏன் தெரியுமா, இங்கே அவர்களை யாருக்கும் தெரியாது. உங்கள் ஹட்டியில் நீங்கள் யாருக்காவது மருமகள், யாருக்காவது அண்ணி, யாருடைய பிள்ளைக்கோ டீச்சர். காலையில் உங்களிடம் அழுதவர் சாயங்காலம் கல்யாண வீட்டில் எதிர்ப் பந்தியில் உட்கார்ந்திருப்பார். அவருக்கும் சோறு இறங்காது, உங்களுக்கும் இறங்காது.

சும்மா கேட்கிறேன்

எல்லாரும் படிப்பு படிப்பு என்கிறீர்கள். 14,500 வாங்குகிறவர் இரண்டு வருஷம் அதையும் விட்டுவிட்டுப் படித்து, வெளியே வந்து 15,000 ஒப்பந்த வேலைக்கு வரிசையில் நிற்க வேண்டுமா? சேவை மனப்பான்மை என்று சொல்லிச் சொல்லியே இந்தத் துறையில் ஆட்களைச் சும்மா வேலை வாங்குகிறார்கள். கேட்பவர் வீட்டுக்கும் அடுப்பு எரிய வேண்டும்.

பந்தலூர்க்காரன்

நியாயமான கேள்வி, கோபமே இல்லை. எம்.ஃபில். விஷயத்தில் கிளினிக் சொன்னதும் சரி, விட்டுவிட்டேன். ஆனால் நான் பார்த்த வரை ஒப்பந்த வேலையில் சேர்ந்தவர்கள் அதிலேயே உட்கார்ந்துவிடுவதில்லை, மூன்று நாலு வருஷம் கழித்துப் பெரிய தொண்டு நிறுவனத்துக்கோ பள்ளிக்கோ கோவை ஆஸ்பத்திரிக்கோ நகர்ந்துவிடுகிறார்கள். நகராதவன் நான் மட்டும்தான், அது என் சோம்பேறித்தனம்.

ஃபெர்ன்ஹில் மழை

டீச்சர், எல்லாரும் உங்களிடம் ஏற்கெனவே இருப்பதை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள். உங்களிடம் பி.எட். இருக்கிறது, எட்டு வருஷ அனுபவம் இருக்கிறது, நீங்கள் இருப்பது ஊட்டியைச் சுற்றி. இந்த மலையில் தேயிலைக்கும் டூரிஸ்ட்டுக்கும் அடுத்தபடி விடுதிப் பள்ளிதான் தொழில். நான் அப்படி ஒரு பள்ளியில் கவுன்சலராக ஆறு வருஷம் இருக்கிறேன். அதற்கு முன்னால் நானும் ஆங்கில ஆசிரியை.

நான் வந்த வழி, மத்திய அரசின் கல்வி ஆராய்ச்சி நிறுவனமான என்சிஇஆர்டி நடத்துகிற வழிகாட்டல், ஆலோசனை டிப்ளமோ. ஒரு வருஷம். முதல் ஆறு மாதம் வீட்டிலிருந்தபடி பாடம், அடுத்த மூன்று மாதம் நேரில் போய்த் தங்கிப் படிக்க வேண்டும், கடைசி மூன்று மாதம் சொந்த ஊரில் பயிற்சி. ஆசிரியர்களுக்கென்றே வைத்திருக்கிற படிப்பு. நமக்குப் பக்கத்து மையம் மைசூரு மண்டலக் கல்வி நிறுவனம். ஊட்டியிலிருந்து காலை பஸ் ஏறினால் மதியத்துக்குள் மைசூரு, திரும்பும்போது மட்டும் நேரம் பாருங்கள், ராத்திரி 9 மணிக்குப் பந்திப்பூர் ரோட்டை அடைத்துவிடுவார்கள். சேர்க்கை அறிவிப்பை என்சிஇஆர்டி தளத்தில் பார்த்து, அந்த வருஷத்து விதியை ஒரு தடவை ஒழுங்காகப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

அதை வைத்து என்ன வேலை என்று கேட்பீர்கள். சிபிஎஸ்இ பள்ளிகளில் கவுன்சலர் இருந்தாக வேண்டும் என்பது இணைப்பு விதி. அதற்கு மேல் 2025 ஜூலையில், விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சியில் இருந்த ஒரு மாணவியின் மரண வழக்கில் உச்ச நீதிமன்றம், நூறு மாணவரோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிலையங்கள் தகுதியுள்ள கவுன்சலரையோ உளவியலாளரையோ சமூகப் பணியாளரையோ வைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. எல்லாப் பள்ளியும் உடனே வைத்துவிடும் என்று நான் நம்பவில்லை. கணினி ஆசிரியருக்கே 'வெல்னஸ் இன்சார்ஜ்' என்று ஒரு பேட்ஜ் குத்திவிட்டுப் போகிற இடங்களும் உண்டு. ஆனால் கேட்கிற பள்ளிகள் கூடிக்கொண்டு இருக்கின்றன, எனக்கே இந்த வருஷம் இரண்டு இடத்திலிருந்து ஆள் தெரியுமா என்று கேட்டார்கள்.

வேலை எப்படி இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். துபாயிலும் திருப்பூரிலும் இருக்கிற பெற்றோரின் பிள்ளைகள். ஜூன், ஜூலை மழையில் பத்து நாள் வெயிலே வராது, அப்போது புதிதாகச் சேர்ந்த ஆறாம் வகுப்புக் குழந்தைகள் வயிற்று வலி என்று வரிசையாக வந்து நிற்பார்கள். வயிற்றில் ஒன்றும் இருக்காது, வீட்டு ஞாபகம். இதெல்லாம் இனிமையான பகுதி. மற்றது பரீட்சை பயம், கையைக் கீறிக்கொள்வது, சீனியர் தொல்லை, சில சமயம் பாலியல் தொந்தரவு. கடைசியாகச் சொன்னதில் 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று குழந்தைக்கு வாக்குக் கொடுக்கவே கூடாது, போக்சோ சட்டத்தில் புகார் கொடுப்பது கட்டாயம், தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் நமக்கே தண்டனை. நிர்வாகம் 'பள்ளி பேரு கெட்டுடும்' என்று இழுக்கும். அந்த இடத்தில் உங்கள் முதுகெலும்புதான் உங்கள் சான்றிதழ்.

சம்பளம் ஆசிரியைக்குக் கொடுப்பதைவிடக் கொஞ்சம் அதிகம், சாப்பாடும் குவார்ட்டர்ஸும் சேர்த்துப் பார்த்தால் மோசமில்லை. பையனுக்குச் சலுகைக் கட்டணத்தில் சீட்டு கேட்டு வாங்குங்கள், கூச்சப்படாதீர்கள். அப்புறம் உங்களுக்கு மேலே ஒருவர் வேண்டும், மாதம் ஒரு தடவையாவது உங்கள் கேஸ்களை (பெயர் சொல்லாமல்) அவரிடம் பேச வேண்டும். நான் கோவையில் ஒரு சீனியருக்குக் கையிலிருந்து பணம் கொடுத்துப் பேசுகிறேன். அதை நிறுத்திய மூன்று மாதத்தில் எனக்கே தூக்கம் போனது.

காந்திபுரம் கிளினிக்

மைசூரு டிப்ளமோவை நான் யோசிக்கவே இல்லை, டீச்சருக்கு இதுதான் பொருந்துகிறது. ஒரே எச்சரிக்கை, அது பள்ளிக்குள் வேலை செய்யத்தான். அதை வைத்து வெளியே மன அழுத்த நோய்க்கோ மனச்சிதைவுக்கோ சிகிச்சை என்று இறங்கக் கூடாது. சோர்வு, அழுகை, தூக்கமின்மை என்று வருகிற பெண்ணுக்கு தைராய்டோ ரத்தசோகையோ இருக்கலாம், முதலில் ரத்தப் பரிசோதனை. இது நானும் மறக்கிற விஷயம்.

பெருமாள்மலை நர்ஸ்

கொடைக்கானல் பக்கத்திலிருந்து. ஆண் செவிலியர், மனநல நர்சிங்கில் ஒரு வருஷ டிப்ளமோ முடித்தவன். டீச்சருக்கு என் வழி ஒத்து வராது, நர்சிங் படித்திருக்க வேண்டும். ஆனால் படிக்கிற தம்பி தங்கைகள் யாராவது நர்சிங் முடித்துவிட்டு இதைப் பார்த்துக்கொண்டிருந்தால், மனநலச் செவிலியர் என்ற வழியும் இருக்கிறது, சட்டத்திலும் இடம் உண்டு, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால் எழுதினேன்.

நான் எழுத வந்தது வேறு. டீச்சர் முதலில் கேட்டதற்கு, அந்த நாலு வரிக்கு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பதற்கு, இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

நேராகக் கேட்க வேண்டும். 'இருக்கவே பிடிக்கலேன்னு எழுதியிருக்கியே, செத்துப் போயிடலாம்னு தோணுதா?' இப்படியே. கேட்டால் இல்லாத எண்ணத்தைத் தூண்டிவிடுவோம் என்று எல்லாருக்கும் பயம், அப்படி ஆவதில்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் பெரும்பாலும் இருப்பார்கள். 'ஆமா' என்றால் எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாளா, அதற்கானது கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். நம் மலையில் அது பெரும்பாலும் தோட்டத்துக்கு அடிக்கிற மருந்துதான், அதை அன்றைக்கே வீட்டிலிருந்து எடுக்கச் சொல்ல வேண்டும் அல்லது பூட்டச் சொல்ல வேண்டும். தனியாக விடக் கூடாது. யாரிடம் சொல்லலாம் என்று அவளையே கேட்க வேண்டும். அப்பாவிடம் பயம் என்றால் அத்தையாக இருக்கட்டும், ஆனால் வீட்டில் பெரியவர் ஒருவருக்குத் தெரிந்தாக வேண்டும். சொல்லும்போது அவளுக்குத் தெரிந்து, அவள் சம்மதிக்கிற வார்த்தையில் சொல்ல வேண்டும். அன்றைக்கே மனநல மருத்துவரைப் பார்க்க முடியாது என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கூப்பிட்டு போனை அவள் கையில் கொடுக்கலாம்.

டீச்சர், நீங்கள் நிர்வாகத்திடம் சொன்னது தப்பில்லை. சொன்ன விதத்தில் தப்பு செய்தவர்கள் வேறு ஆட்கள்.

கோத்தகிரி டீச்சர்

எல்லாருக்கும் நன்றி. கடைசியாக நர்ஸ் அண்ணன் எழுதியதை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன், கை நடுங்கிக்கொண்டேதான் எழுதினேன்.

வீட்டுக்காரரிடம் நேற்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டோம். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையமே 33 கிலோமீட்டர், அதற்கு மேல் கோவை, தினமும் இறங்கி ஏறி எம்.எஸ்.டபிள்யூ. படிப்பது ஐப்பசி, கார்த்திகை மழையில் நடக்காது, மண் சரிந்தால் ரோடு மூடிவிடும். ஹாஸ்டலில் தங்கினால் பையன் ஏங்கிப்போவான். அதனால் இப்போதைக்கு மைசூரு. ஆறு மாதம் வேலையில் இருந்துகொண்டே படிக்கலாம், அந்த மூன்று மாதத்துக்குத்தான் சம்பளமில்லா விடுப்பு கேட்க வேண்டும், கொடுக்காவிட்டால் ராஜினாமா. அவர் கேட்ட ஒரே கேள்வி, மூன்று மாதம் பையனுக்கு யார் சோறு ஊட்டுவது. மாமியார் உள்ளே இருந்து 'நான் செத்தா போயிட்டேன்' என்றார். இரண்டு நாள் புரியவைத்தது வீண் போகவில்லை.

ஃபெர்ன்ஹில் அக்கா, கடைசி மூன்று மாதப் பயிற்சியை உங்கள் பள்ளியில் செய்ய முடியுமா என்று கேட்கலாமா?

ஃபெர்ன்ஹில் மழை

தாராளமாக. தனிச்செய்தி அனுப்புங்கள். முதல்வரிடம் நான் பேசி வைக்கிறேன், ஆனால் மழைக்காலத்தில் வந்தால்தான் வேலை தெரியும். ஸ்வெட்டர் இரண்டு எடுத்து வாருங்கள், கோத்தகிரிக் குளிர் வேறு, இந்தக் குளிர் வேறு.